கேணியில் மோட்டர் ஓடிய நேரம்

நடந்தவற்றை நடந்த ஒழுங்கிலேயே தருகிறேன்.

1. வலிகாமத்தில் ஒரு முருகன் கோயில். அதன் கேணி ஒவ்வொரு வருடமும் திருவிழாக் காலத்தில் பாசி பிடித்துப் பச்சையாகும்.

2. ஒரு வருடம் கோயில் சபை கேணிக்குள் அளவுக்கு மிஞ்சிக் குளோரின் கொட்டியது. தண்ணீர் தெளிந்தது. மீன்கள் செத்து மிதந்தன. மதிலுக்கு அப்பால் இருந்த வீட்டுக் கிணற்றுக்கும் அது இறங்கியது. அந்தக் கிணற்றை நம்பி வளர்த்த மிளகாய் நாற்றுகள் எல்லாம் கருகின.

3. அடுத்த வருடம், செடிகளைக் கொண்டு தண்ணீரைச் சுத்தம் செய்கிற எங்கள் பிரிவு அங்கே போனது. கேணித் தண்ணீரை மோட்டரால் இறைத்து, வேலம்பாசி என்ற நீர்ச்செடி வளர்த்த சீமெந்துத் தொட்டிகளுக்குள் ஓடவிட்டுத் திரும்பக் கேணிக்குள் சேர்த்தோம். அந்த வருடம் கேணி பச்சையாகவில்லை.

4. அதற்கடுத்த வருடமும் அதே தொட்டிகள், அதே செடி, அதே மோட்டர். ஓடிய மணித்தியாலங்களும் குறையவில்லை. கேணி பச்சையானது.

5. சபை மறுபடியும் குளோரின் மூட்டைகளை வாங்கி, சாமி வாகனங்கள் நிற்கிற வாகனசாலையில் அடுக்கி வைத்தது.

ஐந்தாவது விடயத்துக்கும் தீர்த்தத் திருவிழாவுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை எழுதித் தரும்படி, இப்போது அந்தப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். அவர்கள் கையில் போத்தல் இல்லை. கேணிக்குள் ஒரு கருவி கிடக்கிறது. அது தானாக அளந்து கைபேசிக்கு அனுப்புகிறது. தண்ணீர் எடுத்துச் சோதிக்கிற உதவியாளர் என்ற பதவியே தேவையில்லை என்று ஆனபோது, அந்தப் பதவியில் இருந்த எங்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். நான் முப்பது வயதைத் தாண்டிச் சில காலமே ஆகிறது. ஓய்வு பெற்றவள் என்று படிவங்களில் எழுதும்போது எதிரில் இருக்கிறவர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். எனக்குப் பழகிவிட்டது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தேன். பயிற்சிக் காலம் முழுவதும் போத்தல் கழுவினேன். கழுவிய போத்தலை, எடுக்கப்போகிற அதே தண்ணீரால் மறுபடி அலசாமல் நிரப்பக்கூடாது என்பதுதான் அந்தக் காலத்தில் நான் கற்றுக்கொண்டதில் கடைசிவரை உதவியது. பிறகு இந்தப் பிரிவில் சேர்ந்தேன்.

பிரிவின் பொறுப்பாளர் தவமணி மிஸ். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

அவர் கதைக்கும்போது ஆளைப் பார்க்கமாட்டார்; தண்ணீரைத்தான் பார்ப்பார். தண்ணீர் இல்லாத இடத்தில் நிலத்தைப் பார்ப்பார். நாங்கள் எழுதிக் கொடுக்கிற அறிக்கைகளில் ‘நல்ல’, ‘மோசமான’, ‘கிட்டத்தட்ட’ என்று வரும் சொற்களைச் சிவப்புப் பேனையால் வெட்டுவார். வெட்டியதற்குப் பதிலாக என்ன எழுதவேண்டும் என்று சொல்லமாட்டார். யார் எதைக் கேட்டாலும், அது அவர் அளக்காத விடயமாக இருந்தால், “அளக்கேல்லை” என்பார். அதோடு அந்தக் கதை முடிந்தது. அமைச்சிலிருந்து வந்த ஒருவர், இந்தத் திட்டம் வெற்றி பெறுமா என்று மேடையில் வைத்துக் கேட்டபோதும் அதே பதில். அந்த மனிதர் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டார்.

எங்களை அவர் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். அதற்கு மேல் நெருங்கவும் இல்லை, அதற்குக் கீழே இறக்கவும் இல்லை.

எங்கள் பரிசோதனை வளவு அரியாலையில் இருந்தது. அங்கே இரண்டு தொட்டிகளில் ஒரே வேலம்பாசியை ஒரே நாளில் நட்டோம். ஒன்று வெட்டவெளியில், மற்றது மதில் ஓரத்தில். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் போனது. வெட்டவெளித் தொட்டியிலிருந்து வெளியே வந்த தண்ணீரில், பாசியை வளர்க்கிற நைத்திரேற்றுச் சத்து வெகுவாகக் குறைந்திருந்தது. மதிலோரத் தொட்டியில் போனது போலவே வந்தது. நைத்திரேற்றைக் காட்டும் மருந்து விட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களின் நிறத்தையும் மிஸ் பார்த்தார். மறுநாள் நாங்கள் வேலைக்கு வரும்போது மதிலோரத் தொட்டி இடம் மாறியிருந்தது. நிழலில் நிற்கிற செடி தண்ணீரைச் சுத்தம் செய்யாது என்பதை அன்று முதல் ஒரு சட்டம் போல வைத்துக்கொண்டோம். எந்தக் கோயிலுக்கு, எந்தப் பாடசாலைக்குப் போனாலும், தொட்டிக்கு மேலே மரக்கிளை வருகிறதா, பந்தல் வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

விடயம் இதுதான். வேலம்பாசி நீருக்குள் மூழ்கி வளர்கிற செடி. வேரால் மட்டுமல்ல, இலையாலும் தண்டாலும் நேரே தண்ணீரிலிருந்து சத்தை எடுக்கும். நைத்திரேற்றை உள்ளே இழுப்பதற்கும், இழுத்ததைப் புரதமாக மாற்றுவதற்கும் அதற்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி ஒளித்தொகுப்பிலிருந்து வருகிறது. வெளிச்சம் குறைந்தால் மாற்றுகிற வேலை தளரும். மாற்றாதது உள்ளே தேங்கும். தேங்கியபின் புதிதாக எடுப்பது மந்தமாகும். அதே தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிற பாசிக்கும் அதே சத்துத்தான் சாப்பாடு. யார் முந்திச் சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் கேணியின் நிறம் இருக்கிறது.

கேணிக்குச் சத்து எங்கிருந்து வருகிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கால் கழுவுகிறார்கள், பூ விழுகிறது, அபிஷேகப் பால் வழிகிறது. அவை சிறிய கணக்கு. பெரிய கணக்கு நிலத்துக்குக் கீழே இருக்கிறது. சுற்றிவர வெங்காயமும் உருளைக்கிழங்கும் புகையிலையும் போடுகிற செம்மண் தோட்டங்கள். போட்ட உரத்தில் பயிர் எடுக்காத மிச்சம், சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிக் கேணிக்கும் வருகிறது, கிணற்றுக்கும் வருகிறது. மேலே இடையில் ஒரு மதில் இருக்கலாம். கீழே தண்ணீருக்கு மதில் இல்லை.

இந்தக் கோயிலில் மதிலுக்கு அப்பால் இருந்தவர் பரமேஸ் அக்கா. நாற்றுமேடை வைத்திருக்கிறார். கோயிலுக்குப் போகும் நாட்களில் அவருடைய கிணற்றிலும் ஒரு போத்தல் எடுத்து அளப்போம். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகளை வளர்த்து, மாரிமழைப் பயிர்ப்பருவமான காலபோகத்துக்கு நடுகிற தோட்டக்காரருக்குக் கொடுப்பார். குளோரின் கொட்டிய வருடம் நாற்றுக் கருகியதால், வழமையாக அவரிடம் எடுக்கிறவர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். எங்கள் தொட்டிகள் வேலை செய்த வருடத்தில் சிலர் திரும்பி வந்தார்கள். நான் சொல்கிற வருடத்தில், தீர்த்தம் முடிந்த கையோடு வந்து எடுப்பதாக மிச்சப் பேரும் சொல்லியிருந்தார்கள். நாற்று முளைத்து, இரண்டாவது சோடி இலை விட்டிருந்தது. அந்த நேரத்தில் ஒருநாள் தண்ணீர் பிழைத்தால் மறுபடி விதைத்துப் பருவத்தைப் பிடிக்க முடியாது.

அந்த நிலையில்தான் கேணி பச்சையானது.

திருவிழாக் காலத்தில் எங்கள் வாகனம் கோயிலடிக்குப் போக முடியாது; வீதி முழுக்கக் கடையும் சனமும். அதனால் கோயில் மோட்டரைப் பார்க்கிற செல்லத்துரை அண்ணைக்குப் போத்தல்களைக் கொடுத்துப் பழக்கியிருந்தோம். தொட்டிக்குள் போகிற தண்ணீரில் ஒன்று, வெளியே வருகிற தண்ணீரில் ஒன்று. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் எடுக்கவேண்டும். எடுத்ததும் ஐஸ் பெட்டியில் வைக்கவேண்டும். மோட்டர் பெட்டியில் இருக்கும் மணி மீட்டரைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஒன்றில்கூடப் பிழை இல்லை.

ஆனால் இரண்டு போத்தலும் ஒரே நிறம் காட்டின. போன தண்ணீரும் வந்த தண்ணீரும் ஒன்றாகவே இருந்தன.

வீதியால் நடந்து கோயிலுக்குப் போனேன். செடி பச்சையாக, வேர்விட்டு நின்றது. தொட்டி ஒழுகவில்லை. நத்தை இல்லை. மேலே பந்தல் இல்லை, தோரணத் துணி கூட இல்லை. வெயில் நேராக விழுந்தது. மோட்டர் நின்றிருந்தது.

“பூசை தொடங்கப் போகுது தங்கச்சி, அதுதான் நிப்பாட்டிக் கிடக்கு,” என்றார் செல்லத்துரை அண்ணை.

அவர் பொய் சொல்லவில்லை. பூசை தொடங்கத்தான் போனது. திருவிழாக் காலத்தில் எப்போது போனாலும் ஒரு பூசை தொடங்கப் போகும், அல்லது முடிந்துகொண்டிருக்கும். மீட்டர் காட்டிய மணித்தியாலங்கள் போன வருடத்தோடு ஒத்துப்போயின. சந்தேகப்பட்ட காரணங்களின் பட்டியலிலிருந்து மோட்டரை நான் வெட்டினேன். மிஸ்ஸும் அதை ஏற்றுக்கொண்டார். செடி முதிர்ந்துவிட்டதோ என்று பாதியை அறுத்துப் புதிதாக நட்டோம். இலைமேல் படிந்த வழுவழுப்பைக் கையால் உருவிக் கழுவினோம். போத்தல்கள் அதே நிறத்தைக் காட்டின.

கோயில் சபையின் செயலாளர் கனகரத்தினம் ஐயா. ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். நேரம் தவறாத மனிதர், சொன்ன சொல்லும் தவறாதவர். அவர் மிஸ்ஸிடம் நேராகவே சொன்னார்:

“தீர்த்தத்துக்குச் சாமி பச்சைத் தண்ணிக்குள்ளை இறங்கேலாது. சனம் என்னைத்தான் கேக்கும். சப்பறத்துக்கு முதல்நாள் வரைக்கும் பாப்பன். அண்டைக்குக் கேணியிலை மூண்டாம் படி தெரியவேணும். தெரியாட்டில் மூட்டையை அவிழ்ப்பன். பிறகு என்னோடை கோவிக்கக்கூடாது.” சப்பறத் திருவிழா தீர்த்தத்துக்கு இரண்டு நாள் முந்தி வரும்.

“கோவிக்கேல்லை,” என்றார் மிஸ், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

மிஸ் முந்திப் போய்விட, அன்று நான் தனியே திரும்பும்போது பரமேஸ் அக்கா தன் வீட்டு வீதிவேலியோரம் நின்று கைகாட்டிக் கூப்பிட்டார். நாற்றுமேடைக்கு மேலே கிடுகு கட்டி, விளிம்புகளைக் கல்லால் அழுத்தியிருந்தார்.

“பிள்ளை, இந்த முறையும் கொட்டுவினமோ?”

“இன்னும் முடிவில்லை அக்கா.”

“கொட்டுறதெண்டால் எனக்கு முன்னமே சொல்லிப்போடுங்கோ. இருக்கிற வாளி, அண்டா, கலியாணச் சட்டி எல்லாத்திலையும் பிடிச்சு வைக்கிறன்.”

“அது எத்தினை நாளைக்குக் காணும்?”

“காணாது எண்டு எனக்குத் தெரியாதே? சும்மா இருக்கேலாமல் சொல்லுறன்.” வாளியைத் தூக்கினவர் திரும்ப வைத்தார். “இன்னொண்டு. உங்களுக்கென்ன, பகலிலை வந்து போத்தலைத் தூக்கிக்கொண்டு போயிடுவியள். இரவிரவா உந்த மோட்டர் என்ரை தலைமாட்டிலை நிண்டு உறுமுது. மனிசர் நித்திரை கொள்ளவேண்டாமே? கறண்டு மிச்சம் பிடிக்கவோ இரவிலை ஓடவிடுறியள்?”

“இரவிலையோ?”

“பின்னை? கொடியேறின நாள் துவக்கம் இரவிலைதானே. பகலிலை அது மூச்சுக் காட்டுறேல்லை.”

நான் வீதியில் நின்றே மிஸ்ஸுக்குக் கைபேசியில் சொன்னேன்.

“அளந்தனீரோ?”

“இல்லை மிஸ்.”

“அப்ப ஒருத்தருக்கும் சொல்லாதையும். நான் வாறன்.”

நடந்தது இதுதான். கொடியேற்றத்தன்று நாதஸ்வரம் வாசிக்க வந்த சிவபாதம் அண்ணை, மோட்டரின் இரைச்சல் தன் சுருதியைக் குழப்புகிறது என்று செயலாளரிடம் முறையிட்டிருக்கிறார். நியாயமான முறைப்பாடு. செயலாளர் பழைய புகையிரதக்காரர். ஓடவேண்டிய மணித்தியாலங்களைக் குறைக்காமல், போன வருடம் பகலில் ஓடிய மோட்டரை இந்த வருடம் கடைசிப் பூசை முடிந்ததும் போட்டு, விடியற்காலை மணி அடிக்கமுன் நிறுத்தும்படி நேரசூசியை மாற்றினார். செல்லத்துரை அண்ணை தண்ணீர் ஓடும்போது போத்தல் எடுக்கவேண்டும் என்பதால், மோட்டரை நிறுத்தப் போகிற இருட்டு நேரத்தில் எடுத்தார். ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். எங்கள் படிவத்தில் மோட்டர் எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்க ஒரு கட்டம் இருந்தது. எப்போது ஓடியது என்று கேட்கக் கட்டம் இல்லை.

செடி பகல் முழுவதும் வெயிலில் நின்றது. தொட்டியில் தேங்கிய கொஞ்சத் தண்ணீரில் இருந்ததைச் சீக்கிரமே எடுத்துவிட்டு, மிச்சப் பொழுதைச் சும்மா கழித்தது. சத்துள்ள தண்ணீர் வந்தபோது வெளிச்சம் போய்விட்டது. வந்த தண்ணீர் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்தபடியே கேணிக்குத் திரும்பியது. கேணியில் மிதந்த பாசி விடிந்ததும் அதைச் சாப்பிட்டது. நிழலுக்கு எதிராகச் சட்டம் வைத்திருந்த நாங்கள், இரவும் ஒரு நிழல்தான் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

மிஸ் வந்தார். மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்திய நேரத்தில், செயலாளரிடம் அனுமதி வாங்கி மோட்டரைப் போட்டோம். தண்ணீர் தொட்டிகளைச் சுற்றி வரும்வரை காத்திருந்து, போகிறதில் ஒன்றும் வருகிறதில் ஒன்றும் எடுத்தோம். மறுநாள் விடியமுன் வழமையான நேரத்தில் செல்லத்துரை அண்ணை எடுத்த சோடியையும் சேர்த்தோம். காலையில் வாகனசாலை வாசலில், மயில்வாகனத்துக்கு முன்னால் கிடந்த வாங்குப் பலகையில் நான்கு கண்ணாடிக் குழாய்களை நிறுத்தி, மருந்து விட்டேன். நைத்திரேற்று இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். கூடுதலாக இருந்தால் நிறம் கடுக்கும்.

செயலாளர் வந்தார். என்ன நடக்கிறது என்று பார்க்கச் சிவபாதம் அண்ணையும் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து உட்கார்ந்தார்.

“மோட்டர் ஓடின மணி குறைஞ்சதோ மிஸ்? மீட்டரைப் பாருங்கோ,” என்றார் செயலாளர்.

“குறையேல்லை ஐயா.”

“பிறகென்ன? தண்ணி ஓடினாச் சரிதானே. பகலோ இரவோ, குழாய்க்குக் கண்ணிருக்கோ?”

“குழாய்க்கு இல்லை. செடி வெயில் இல்லாமல் சாப்பிடாது.”

அதற்குள் நிறம் ஏறிவிட்டது. இருட்டில் எடுத்த சோடி இரண்டும் செம்பரத்தம்பூ நிறம். மத்தியானச் சோடியில் போன தண்ணீர் அதே நிறம். வந்த தண்ணீர் வெளிறியிருந்தது.

செயலாளர் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். “ரெண்டும் ஒரே கேணித் தண்ணியோ?”

“ஒரே கேணி. ஒரே தொட்டி. நேரம் மட்டும்தான் வேறை.”

“அப்ப பகலிலை ஓடவிடச் சொல்லுறியள். இவர் என்ன செய்யிறது?” என்று சிவபாதம் அண்ணையைக் காட்டினார்.

“நான் தோடி வாசிச்சால், பக்கத்திலை நிண்டு உந்த மெசின் அரைச் சுருதி கீழை பிடிச்சு இழுக்குது,” என்றார் சிவபாதம் அண்ணை. “போன முறை ஒருத்தர் வந்து கேக்கிறார், அண்ணை, ஒத்தூதுறதுக்குப் புது ஆளோ எண்டு. மோட்டரைத்தான் கேக்கிறார்.”

சிரிக்காதவர் மிஸ் ஒருவர்தான். “நீங்கள் எப்ப வாசிக்கிறேல்லை?” என்று கேட்டார்.

“நித்திரை கொள்ளேக்கை வாசிக்கிறேல்லை.”

“எப்ப நித்திரை?”

“மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு நடை சாத்தினால், பின்னேரப் பூசைக்கு மணி அடிக்குமட்டும். மண்டபத்துச் சீமெந்திலை சரிஞ்சால் எனக்கு உலகம் தெரியாது.”

மிஸ் அந்த நேரம் வெயில் எப்படி விழும் என்று தொட்டிப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். கோயில் நடை சாத்தியிருக்கும் பொழுதும், வெயில் உச்சியில் நிற்கும் பொழுதும் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு கல்லூரியும் தேவைப்பட்டிருக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் போதும்.

“அந்த நேரம் மட்டும் ஓடினால் காணுமோ?” என்று செயலாளர் கேட்டார்.

மிஸ் ‘காணும், போதும்’ என்று ஒரு சொல் சொன்னால் மூட்டைகள் அப்படியே இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. மதிலுக்கு அப்பால் கிடுகுக்குக் கீழே நிற்கிற நாற்றுகளை நினைத்துக்கொண்டேன். சொல்லுங்கோ மிஸ் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

“அளக்கேல்லை,” என்றார் மிஸ்.

செயலாளர் நிமிர்ந்தார். “அளக்காததை நம்பித் தீர்த்தத்தை விடேலாது மிஸ். சொன்ன சொல் சொன்னதுதான். சப்பறத்துக்கு முதல்நாள், மூண்டாம் படி.” ஆனால் மோட்டரை மத்தியானம் ஓடவிடச் சம்மதித்தார். “அப்ப எனக்கு நித்திரையிலையும் சுருதி பிழைக்கப் போகுது,” என்று சிவபாதம் அண்ணை தட்டத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

அதன் பிறகு நாங்கள் செய்தவை: தினமும் நடை சாத்துமுன் இலைகளை உருவிக் கழுவினோம், வழுவழுப்பு வெயிலை மறைக்காமல் இருக்க. இரைச்சல் குறைய, மோட்டருக்குக் கீழே பழைய றப்பர் ரயர்த் துண்டுகளை வைத்தோம். தொட்டியில் தண்ணீர் ஓடும் வேகத்தைக் குறைத்தோம், செடியோடு கூடுதல் நேரம் நிற்கட்டும் என்று. போத்தல்களில் நிறம் நாளுக்கு நாள் வெளிறியது. கேணியின் பச்சை அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. ஏற்கனவே வளர்ந்த பாசி பட்டினி கிடந்து சாக நாள் எடுக்கும். முதற்படி தெரிந்தது. இரண்டாம் படி தெரிந்தது. மூன்றாம் படி உச்சி வெயிலில் ஒரு கோடு போலத் தெரிந்து, சூரியன் சாய்ந்ததும் மறைந்தது.

சப்பறத்துக்கு முதல்நாள் செயலாளர் வந்தது பின்னேரம்.

கேணிப் படிக்கட்டில் அவர், மிஸ், நான், செல்லத்துரை அண்ணை நின்றோம். வாத்தியத்தைத் துணியால் மூடியபடி சிவபாதம் அண்ணை மேலே நின்றார். தன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு பரமேஸ் அக்காவும் வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

செயலாளர் பார்த்தார். நான் பார்த்தேன். தண்ணீர் மங்கிய பச்சை. படி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் தெளிவாக இல்லை.

“மிஸ்?”

“படி தெரியேல்லை,” என்றார் மிஸ்.

பரமேஸ் அக்கா செருப்பைக் கழற்றினார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதற்படியில் இறங்கினார். இரண்டாம் படியில் இறங்கினார்.

“ஏய் பிள்ளை, வழுக்கும்! ஏறு மேலை!” என்று செயலாளர் கத்தினார்.

அவர் மூன்றாம் படியில் காலை ஊன்றித் திரும்பி நின்றார். தண்ணீர் முழங்காலுக்கு மேலே நின்றது.

“ஐயா, இப்ப பாருங்கோ. நான் நிக்கிறது மூண்டாம் படி. என்ரை கால் தெரியுதோ இல்லையோ?”

“உதென்ன விளையாட்டு?”

“விளையாட்டில்லை. தெரியுதோ இல்லையோ சொல்லுங்கோ.”

“எனக்குத் தெரியுது,” என்றார் மேலே நின்ற சிவபாதம் அண்ணை.

“உமக்கு அங்கை நிண்டு என்ன தெரியும்? ராகத்தைத் தவிர?” என்றார் செயலாளர். ஆனால் அவரும் ஒரு படி இறங்கிக் குனிந்துவிட்டார்.

மிஸ் படியில் முழங்கால் ஊன்றி, தண்ணீருக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: “பாதம் தெரியுது. மெட்டி தெரியேல்லை.”

பரமேஸ் அக்கா மிஸ்ஸை முறைத்துப் பார்த்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்தப் பார்வை தெரிகிறது. இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகு, இந்த மனிசி மெட்டிக்குப் போய்விட்டாரே என்ற பார்வை.

செயலாளருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “மெட்டி தெரியாட்டில் தெரியாமல் போகட்டும். முருகன் என்ன மெட்டி பாக்கவே வாறார்?” என்றார். பிறகு செல்லத்துரை அண்ணையிடம், “மூட்டை கிடக்கட்டும். ஒருத்தரும் தொடக்கூடாது,” என்று சொல்லிவிட்டு, “நீ முதல் ஏறு பிள்ளை, விழுந்து கிழுந்து வைக்காதை,” என்று பரமேஸ் அக்காவுக்குக் கை நீட்டினார்.

தீர்த்தத்தன்று தண்ணீர் முழுத் தெளிவாக இருக்கவில்லை. இளம்பச்சை இருந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் எங்கள் பிரிவின் பெயரைச் சொல்லிச் செயலாளரிடம் சண்டை பிடித்ததையும் கேட்டேன். சாமி இறங்கினார், சனம் முழுகியது. அடுத்த கிழமை தோட்டக்காரர் வந்து மிளகாய் நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள். பரமேஸ் அக்கா மிஸ்ஸோடு பிறகும் பல வருடங்கள் அளவாகத்தான் கதைத்தார்.

எங்கள் படிவத்தில் மோட்டர் போடும் நேரம், நிறுத்தும் நேரம் என்று இரண்டு கட்டங்கள் புதிதாகச் சேர்ந்தன. மற்றக் கேணிகளிலும் பாடசாலைத் தொட்டிகளிலும் பகலுச்சியில் ஓடவிடுவது வழமையானது. இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான். செடி நிற்கிற இடத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. சத்து வருகிற நேரத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டும் வேறு கேள்விகள். இன்னொன்று, இரவில் கோயிலடியில் என்ன சத்தம் கேட்கிறது என்று அயல்வீட்டில் கேட்பதற்கு எந்தக் கருவியும் இல்லை.

இப்போதைய நிலைமை: கோயில் மோட்டர் மத்தியானப் பூசைக்கும் பின்னேரப் பூசைக்கும் இடையில் ஓடுகிறது. அந்த வருடத்துக்குப் பிறகு கேணிக்குள் யாரும் குளோரின் கொட்டவில்லை. ஆவணியில் தண்ணீரில் கொஞ்சம் பச்சை தட்டத்தான் செய்கிறது. தவமணி மிஸ் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பரமேஸ் அக்கா இந்தப் போகத்துக்கும் நாற்றுப் போட்டிருக்கிறார். புதிய கருவி கேணியில் மட்டும் இருக்கிறது. அவருடைய கிணற்றை இப்போது யாரும் அளப்பதில்லை.